மூன்றாவது முறை கூப்பிடாத குரல்

விமானிகள் பொய் விமானத்தில் பழகும் சிமுலேட்டர் கட்டடத்துக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தாலும் உள்ளே ஒரே இருட்டு, ஒரே குளிர். அக்கா கைப்பையிலிருந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

விமான நிறுவனத்தில் ஆளெடுக்கும் பிரிவு அவளுடையது. விண்ணப்பிக்கும் விமானி இதற்கு முன் எங்கே ஓட்டினார், எந்தப் பயிற்சியில் தேறினார், எதில் கோட்டை விட்டார் என்று பழைய நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். வாடகைக்கு வீடு விடும் முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது மாதிரிதான் என்று வீட்டில் சொல்வாள். இன்று தேர்வுக்கு வந்திருக்கும் கேப்டனைப் பற்றி வந்த அறிக்கையில் ஒரு குறைகூட இல்லை. அவ்வளவு நல்லவர்களை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"பின்னாடி உக்காந்து வாந்தி வந்தா என்னடி பண்றது?" என்று தங்கையிடம் கேட்டாள். நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் உள்ளே உட்கார வேண்டும் என்பது விதி.

"உன் சால்வை எதுக்கு இருக்கு?"

தங்கை போன மாதம்தான் அதே நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்தவள். இன்றைய தேர்வில் கேப்டனுக்குப் பக்கத்தில் அவள்தான். அவர் தேறிவிட்டால் நிஜ விமானத்திலும் அவளைத்தான் அவரோடு அனுப்பப்போகிறார்கள். அக்கா இடுப்பில் தூக்கி வளர்த்த பெண்.

"அவருக்குத் திடீர்னு ஏதாவது ஆயிட்டா?"

"வேகம் தப்பினா 'ஸ்பீடு'ன்னு நான் கூப்பிடுவேன். ரெண்டு தடவை கூப்பிட்டும் பதில் வரலன்னா, 'கண்ட்ரோல் என்கிட்ட'ன்னு சொல்லிட்டு எடுத்துக்கணும். மூணாவது தடவைக்கெல்லாம் காத்துட்டு இருக்கக் கூடாது. பயப்படாதக்கா."

சிமுலேட்டர் பெட்டியின் கதவு மூடியது. மதிப்பெண் போட வந்த தேர்வாளர் விசையைத் தட்ட, கண்ணாடிக்கு வெளியே பொய் மழை பெய்தது. தூரத்தில் ஓடுபாதை விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. கேப்டன் நன்றாகத்தான் ஓட்டினார். தரை நெருங்க நெருங்க, அக்காவின் மூக்கில் சேற்று வாடை அடித்தது. ஏசி அறைக்குள் சேறு எங்கிருந்து வரும் என்று காலடியில் பார்த்தாள். தரை சுத்தமாக இருந்தது.

"ஸ்பீடு."

ஆண் குரல். தங்கையின் இருக்கையிலிருந்து வந்தது.

கேப்டன் பதில் சொல்லவில்லை. அவர் கைகள் அப்படியே நின்றுவிட்டன.

"ஸ்பீடு."

தங்கையின் உதடுகள் அசையவில்லை.

"சார்... ஸ்பீடு."

அந்த மூன்றாவது குரல் கெஞ்சியது. தரையில் மோதிவிட்டதாகத் திரை சிவந்தது. பெட்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

"ஹெட்செட்ல ஏதோ கோளாறு," என்றார் தேர்வாளர். "இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

கேப்டன் யாரையும் பார்க்கவில்லை. "இங்கயும் வந்துட்டானா," என்று தனக்குள் முனகிக்கொண்டு இறங்கிப்போனார்.

தங்கை நடைபாதையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நான் கூப்பிட வாயைத் திறந்தேன்க்கா. அதுக்குள்ள யாரோ கூப்பிட்டாங்க. சரி, எடுத்துடலாம்னு கையை வச்சேன். அங்க ஏற்கெனவே ஒரு கை இருந்துச்சு. ஈரமா. இழுக்கவும் இல்ல, விடவும் இல்ல. தயங்கிட்டே இருந்துச்சு."

அக்கா பழைய நிறுவனத்துக்குப் போன் போட்டாள். எடுத்த பெண்மணி வெகுநேரம் மழுப்பினாள். இவள் தங்கையைப் பற்றிச் சொன்னதும் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் உறைஞ்சுபோற ஆளும்மா. பயிற்சியிலயே நாலஞ்சு தடவை. எங்க கம்பெனிப் பையன் ஒருத்தன் அவரோட துணை விமானியா போனான். மழை. மூணு தடவை கூப்பிட்டிருக்கான். சீனியராச்சேன்னு கண்ட்ரோல் எடுக்கத் தயங்கிட்டான். ஓடுபாதை தாண்டி சேத்துல போய் மோதுச்சு. போனது அவன் மட்டும்தான்."

"நீங்க அனுப்பினதுல இதெல்லாம் இல்லையே?"

"பழியைக் காத்து மேல போட்டாச்சு. நல்லபடியா எழுதிக் குடுத்தாத்தானே வேற இடம் பார்த்துப் போவாரு?"

பயம் வரவேண்டிய இடத்தில் அக்காவுக்கு ஒன்றும் வரவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. மேலாளரிடம் போய், "இவர் வேண்டாம் சார்," என்றாள். காரணத்தையும் சொன்னாள். அவரும் ஒத்துக்கொண்டார். தங்கை தப்பித்தாள். அக்கா அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

சில மாதம் கழித்து வேறொரு நிறுவனத்திலிருந்து கேட்டிருந்தார்கள். அதே கேப்டன். உங்கள் தேர்வில் எப்படிச் செய்தார்?

"தானா விலகிக்கிட்டார்னு போட்டு விடும்மா," என்றார் மேலாளர். "நமக்கெதுக்கு வம்பு? கேஸ் கீஸ்னு அலைய முடியுமா?"

அங்கேயும் ஒரு துணை விமானி இருப்பார் என்று அக்காவுக்குத் தெரியும். யாருடைய தங்கையோ, யாருடைய தம்பியோ. தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை. 'தாமாகவே விலகிக்கொண்டார்' என்று தட்டி அனுப்பிவிட்டுக் கிளம்பினாள்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. வேலை முடிந்த தங்கை காரின் பின்சீட்டில் படுத்தவுடன் தூங்கிவிட்டாள். முன்னால் அக்காவுக்குப் பக்கத்து இருக்கை காலி. பாதி வழியில் வண்டி கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று விளக்கு எரிந்தது. சென்சார் கெட்டிருக்கும் என்று நினைத்தாள்.

கிளிக்கென்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது.

சேற்று வாடை.

"ஸ்பீடு."

வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. நாக்கு எழவில்லை.

"ஸ்பீடு."

மூன்றாவது முறையும் கூப்பிடுவான், கெஞ்சுவான் என்று காத்திருந்தாள்.

"கண்ட்ரோல் என்கிட்ட."

இந்த முறை அவன் தயங்கவில்லை. ஈரமான கை ஒன்று அவள் கைகளை ஒவ்வொன்றாக ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து அவள் மடியிலேயே வைத்தது. இண்டிகேட்டர் மின்னத் தொடங்கியது. பின்னாலிருந்து தங்கை தூக்கக் கலக்கத்தில், "வீடு வந்துருச்சாக்கா?" என்றாள்.

வண்டி வளைந்து, வந்த வழியே, அவள் அந்தப் பதிலைத் தட்டி அனுப்பிய ஆபீஸ் பக்கமாகத் திரும்பிப் போனது. நிதானமான வேகத்தில்.