முட்டியில் தங்கிய மணல்

அன்றைக்கும் செல்லப்பா சாயாவைத் தன் அம்மா கையிலிருந்துதான் வாங்கிக் குடித்தான். மனைவி அமுதவள்ளி போட்டுவைத்த கிளாஸ் அடுப்புமேடையில் ஆறிக் கிடந்தது. உசிலம்பட்டிக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிப்போய்த் திரும்பிவந்தவள் அங்கே தலைகாட்டவே இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரியின் அந்த வாடகை வீட்டில் இந்தக் கூத்துதான். எங்கே போனாள், யாரோடு போனாள் என்று ஊரெல்லாம் போன் போட்டு விசாரித்தான். அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

அவளுடைய வலது முட்டி சிவந்து, கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தாற்போல வீங்கியிருந்தது. சேலை உரசினாலே உயிர் போயிற்று. தரை துடைக்கக் குனிய முடியாமல் சுவரைப் பிடித்து நின்றவளைப் பார்த்து மாமியார் ஒச்சம்மாள் முகத்தை நொடித்தாள்.

"ஊர் சுத்துன காலுக்கு வீட்டு வேலைன்னா மட்டும் வலிக்குதாக்கும்..."

பதில் சொல்ல வாயெடுத்த அமுதவள்ளி அப்படியே சரிந்து விழுந்தாள். தொட்டுப் பார்த்த ஒச்சம்மாளுக்குக் கை சுட்டது. வாய்தான் நீளமே தவிர அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. மகனை அதட்டி ஆட்டோ பிடிக்க வைத்தாள்.

டாக்டர் ஸாதனா, தலைமுறைகளாகக் கொச்சியிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். காலை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தாள். வலித்தாலும் மடங்கியது. அதனால் மூட்டுக்குள் தொந்தரவில்லை, முட்டிச் சில்லுக்கு மேலே தோலுக்கடியில் இருக்கிற சின்ன நீர்ப்பையில்தான் சீழ் வைத்திருக்கிறது என்றாள். ஊசியால் உறிஞ்சியபோது கலங்கலாக வந்தது. அதைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, பழைய புண்ணின் பொருக்கை நனைத்து விலக்கினாள். அடியில் மணல் இருந்தது.

"இது கடப்புறத்து மணலாக்கும், கடற்கரையிலதான் இப்படி இருக்கும். எங்க போய் முட்டி போட்டேள்? மறைக்கப்படாது, கேட்டேளா. கிருமி ரத்தத்துல ஏறிடுத்துன்னா உயிருக்கே ஆபத்து."

அமுதவள்ளி கண்ணை மூடிக்கொண்டாள். புண் தானாக ஆறிப் பொருக்கு உதிரும்வரை மருந்தும் போடக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது, மீறினால் நேர்ந்துகொண்டது பலிக்காது என்று அவள் ஊர்ப்பக்கத்துப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வேளாங்கண்ணியில... மணல்ல முட்டி போட்டே கோயிலுக்குப் போனேன். இடப்பள்ளியில கட்டட வேலையில சாரத்துலருந்து விழுந்து இவுக நினைவில்லாம கிடந்தப்ப நேர்ந்துக்கிட்டது."

செல்லப்பா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "எனக்காகவா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"ஊரெல்லாம் கேட்டீங்க. என்னைய ஒரு தடவை கேட்டிருக்கலாமே..."

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? அவளுக்கே தெரியவில்லை. ஆனாலும் அவன் கேட்டிருக்கலாம். அந்த ஏக்கம்தான் அவளுக்கு முட்டியைவிட அதிகமாக வலித்தது.

காய்ச்சல் இருந்ததால் படுக்க வைத்து நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். பை மறுபடி நிறைந்தபோது மறுபடி உறிஞ்சி எடுத்தார்கள். ஒச்சம்மாள் கட்டிலைவிட்டு நகரவில்லை. ஒருநாள் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மருமகளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"எம் புள்ளைக்காகத் தேஞ்ச காலைப் பார்த்து அப்படி ஒரு சொல்லு சொல்லிட்டேனே தாயி..."

அமுதவள்ளி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுகை வந்தது. அழுதாள்.

இனி முட்டி போடவே கூடாது, வீக்கம் திரும்பினால் உடனே வரவேண்டும் என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை செல்லப்பா தானே சாயா போட்டு எடுத்துவந்தான். நாற்காலியில் இருந்த அவளிடம் நீட்டிவிட்டுத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவள் காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்தான். எழுந்திருக்காமல் அப்படியே தலைகுனிந்திருந்தான்.

"எந்திரிங்க. முட்டி போட்டதெல்லாம் போதும்."

அவள் சாயாவை ஒரு வாய் குடித்தாள். சூடாக இருந்தது. அடுப்புமேடையில் ஆறிப்போன கிளாஸ்கள் நினைவுக்கு வந்தன.

"இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க," என்றாள். "முதல்ல என்கிட்ட கேளுங்க."