பொட்டு வைத்த பிக்காசு

புலம்பெயர்ந்து வந்த பார்க்டேலில் ஒரு பழைய வீட்டின் நிலக்கீழ் அறையை, பேஸ்மென்டை, ஆழமாக்கும் வேலைக்கு அன்புராசா போனது ஆயுதபூசையன்று காலை. கூட வந்தவன் மனைவியின் தம்பி ராகுலன். "அவனுக்கு ஒரு கீறலும் விழக்கூடாது" என்று மனைவி வாசலிலேயே சொல்லிவிட்டாள். முப்பது வயதுத் தடியன் அவளுக்கு இன்னும் கைக்குழந்தைதான்.

சீமெந்தை உடைத்ததும் ஊத்தை மண் வாடை எழுந்தது. உள்ளே பாறை கொத்தும் பிக்காசு ஒன்று கிடந்தது.

வீட்டுக்காரர் றொபேட் அதைக் கண்டு படியிலேயே நின்றுவிட்டார். அது அவருடைய முப்பாட்டன் கிரான்டலுடையதாம். அமெரிக்கக் காட்டில் ஈயச் சுரங்கம் திறந்தவன். அங்கிருந்த சனத்தை அடித்துக் கலைத்துவிட்டுத் தன் ஆட்களைக் குடியேற்றியவன். போகமாட்டோம் என்றவர்களின் மண்டையை இதால்தான் பிளந்தான். செத்த பிறகும் பிடியை விடவில்லை. குடும்பத்தார் மணிக்கட்டை அறுத்துத்தான் எடுத்து, பிறகு இங்கே கொண்டுவந்து புதைத்தார்களாம்.

"திரும்பப் புதைத்துவிடுங்கள்" என்றார் றொபேட்.

குடியேற்றம் என்றாலே அன்புராசாவுக்கு வயிறு எரியும். திருகோணமலையில் அப்பாவின் வயலுக்குள் துவக்கை நீட்டிக்கொண்டு குடியேற வந்தவர்கள் அரைகுறைத் தமிழில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "எழும்பு. இது என்ர நிலம்."

ஆனாலும், பூசைக்கு வைக்காத ஆயுதம் ஆளைப் பதம்பார்க்கும் என்ற பயம் அவரை விடவில்லை. அன்று பின்னேரம் அங்கேயே மற்ற ஆயுதங்களோடு பிக்காசையும் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்தார். எல்லாம் ராகுலனுக்காகத்தான்.

மறுநாள் காலை ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு கொத்துக் கொத்தவேண்டும். அதுதான் முறை.

மண் அள்ளும் சவளில் குங்குமம் காய்ந்திருந்தது. சுத்தியலிலும் காய்ந்திருந்தது.

பிக்காசில் மட்டும் ஈரம்.

ராகுலன் அதைத் தூக்கி ஒரு கொத்துக் கொத்தினான். பிறகும் கொத்தினான்.

"காணும், நிப்பாட்டு. கீழே வை."

"கை விடுதில்லை, அத்தான்."

அவன் அழுதுகொண்டே கொத்தினான். பிக்காசு சுவரைப் பிளந்தது. திரும்பி அன்புராசாவின் தோளைக் கிழித்தது. அடுத்த வீச்சு தலைக்கு வந்தது.

"அடியுங்கோ, அத்தான்! என்ர கையை அடியுங்கோ!"

அன்புராசா சுத்தியலால் அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. ராகுலன் அலறிக்கொண்டு விழுந்தான். விரல்கள் விரிந்தன.

உயிர் தப்பிவிட்டது. அன்புராசாவுக்குக் கண்ணீர் முட்டியது. இந்தச் சனியனை முதலில் குழிக்குள் எறியவேண்டும் என்று குனிந்து அதை எடுத்தார்.

எறிய முடியவில்லை.

பிடி உடம்புச் சூட்டோடு இருந்தது. அவர் விரல்களின் மேல் இன்னொரு கை இறுகியது. அங்கே யாரும் இல்லை.

"அத்தான்... கீழ போடுங்கோ."

போடத்தான் பார்த்தார். தோள் தானாக உயர்ந்தது. வாயைத் திறந்தார், ஓடு என்று கத்துவதற்கு.

"எழும்பு," என்றது அவர் வாய். "இது என்ர நிலம்."