பாலத்தில் யார் நிற்பது

வீடியோ ஆட்டத்தை இடையில் நிறுத்திவைத்த பிறகும் ஆறு ஓடுகிற சத்தம் நிற்கவில்லை. துவாரகா டிவியின் ஒலியை முழுதாகக் குறைத்தாள். திரையில் போர்வீரர்கள் தூக்கிய காலோடு அப்படியே நின்றார்கள். ஆனால் வீட்டுக்குக் கீழே இருந்த அந்த பேஸ்மென்ற் சுவருக்குள் எங்கோ தண்ணீர் கல்லில் உரசிக்கொண்டு போனது. ஹீட்டர் குழாயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கனடாவின் பிக்கரிங்கில் டிசம்பர் மாதம் பின்னேரமே இருட்டிவிடும். மேலே சமையலறையில் அம்மா கமலாம்பிகை கத்தரிக்காய் பொரிக்கிற மணம் படிக்கட்டு வழியாக இறங்கி, கம்பளத்தின் ஈர வாடையோடு கலந்து, தம்பியின் நாற்காலி வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

தம்பி மிதுனன் மார்ச்சில் போய்விட்டான். இரவு வேலை முடிந்து வரும்போது கார் பனியில் வழுக்கிப் பாலத்துச் சுவரில் மோதியது. அதன் பிறகு அந்த வீட்டில் தாயும் மகளும்தான்.

ஆட்டத்தை அவளுக்குப் பழக்கவென்று தொடங்கிவைத்தவன் அவன்தான். படைத்தலைவிக்கு அவளுடைய பெயர், வில்லாளிக்குத் தன் பெயர், காயம் கட்டுகிறவளுக்கு ‘அம்மா’ என்று பெயர். அரியணைக்கு மூன்று வாரிசுகள். யாரோடு சேர்கிறோமோ அதன்படி கதை மாறும்.

“உது ஒருக்கா விளையாடிப்போட்டு மூடி வைக்கிற கேம் இல்லை அக்கா,” என்று சொல்லியிருந்தான். “ஒரு ரூட்டில செத்தவன் மற்ற ரூட்டில இருப்பான். அதுக்குத்தான் திரும்பத் திரும்ப விளையாடுறது.”

மூத்த இளவரசனோடு போனபோது வில்லாளி மிதுனன் கோட்டை வாசலில் விழுந்தான். இரண்டாமவனோடு போனபோது காட்டில். ஒவ்வொரு முறையும் அவன் பெயர் சாம்பல் நிறமாக மாறும்போது, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அந்தக் காலை மறுபடியும் அவளுடைய நெஞ்சில் ஏறி உட்காரும். இளவரசியின் வழி மட்டும் மிச்சமிருந்தது.

“பிள்ளை, இன்னும் உதோடயே இருக்கிறாய்?” அம்மா படிக்கட்டின் மேலே நின்று கேட்டாள்.

“இன்னொரு வழி இருக்கம்மா. இதில அவன் தப்புவான் போல கிடக்கு.”

 அகப்பையிலிருந்து எண்ணெய் சொட்டியது.

“தப்பினா என்னைக் கூப்பிடு,” என்றாள் பிறகு. “நான் ஒருக்காப் பாக்கோணும்.”

துவாரகா ஆட்டத்தைத் தொடர்ந்தாள். படை ஆற்றங்கரைக்கு வந்தது. பின்னால் எதிரி, முன்னால் மரப்பாலம். எல்லோரும் கடக்கும்வரை ஒருவர் பாலத்தில் நிற்க வேண்டும். நிற்பவர் திரும்ப மாட்டார். திரையில் தேர்வு வந்தது. அவள் தன் பெயரை அழுத்திப் பார்த்தாள். ‘தலைவி நிற்க முடியாது’ என்றது திரை. இரண்டு பெயர்கள்தான் ஒளிர்ந்துகொண்டிருந்தன.

மிதுனன்.

அம்மா.

 வெறும் விளையாட்டு, என்று சொல்லிக்கொண்டாள். சுவருக்குள் தண்ணீர் பெருகிவருவது போல இரைந்தது. அழுத்தினாள்.

பாலம் எரிந்து விழுந்தது. ஒரு பெயர் சாம்பலானது. அக்கரையில் வில்லாளி மிதுனன் நனைந்தபடி மேலேறி வந்தான், முதல் தடவையாக. துவாரகா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“அம்மா, வாங்கோ. தப்பிட்டான்.”

 ஆற்றின் சத்தம் நின்றிருந்தது. மேலே எண்ணெய் மட்டும் பொரிந்தது.

“அம்மா?”

கருகல் மணம். அவள் படியேறினாள். கைப்பிடி குளிர்ந்து கிடந்தது. சமையலறை முழுக்கப் புகை. அடுப்புக்கு முன்னால் அம்மாவின் செருப்புகள், இரண்டும் அடுப்பைப் பார்த்தபடி. அகப்பை எண்ணெய்க்குள் கிடந்தது. அம்மா இல்லை. முன்னறையில் இல்லை. மேல்மாடியில் இல்லை. வீட்டைச் சுற்றிப் பனியில் ஒரு கால்தடமும் இல்லை.

கராஜ் கதவு திறந்தது.

சப்பாத்திலிருந்து பனியைத் தட்டுகிற சத்தம். இரண்டு தட்டு. அவன் எப்போதும் அப்படித்தான்.

“அக்கா.”

அவன் நின்றான். கறுப்பு ஜாக்கெற். தலைமயிர் முழுக்கக் கண்ணாடித் துகள்கள். கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து, அதை நிமிர்த்தத் தெரியாதவன் போல.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

“அம்மா எங்க அக்கா?”

அவள் கண்கள் அடுப்புப் பக்கம் போயின. 

அவன் அடுப்பைப் பார்த்தான். செருப்புகளைப் பார்த்தான். பிறகு கதிரையை இழுத்து, அம்மா எடுத்துவைத்திருந்த தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

“வரட்டும்,” என்றான். “அம்மா வந்து போடட்டும்.”

தலை மெல்ல மெல்லக் குனிந்தது. கண்ணாடித் துகள்கள் ஒவ்வொன்றாக வெறும் தட்டில் விழுந்துகொண்டிருந்தன.