கேள்விக்கு முந்தி வந்த பதில்

"ரெண்டு படமும் என் வீட்டுக்காரரோட தலைதான்னு சொல்றாங்க. ஆனா ரெண்டுல ஒண்ணு பொய்!" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் இரண்டு பெரிய உறைகளை மேஜைமேல் போட்டாள். போட்ட வேகத்தில் ரெக்கார்டக்காவின் டீ தம்ளர் ஒரு குதி குதித்து நின்றது.

அவளை அடித்தளத்திலிருந்த ரெக்கார்டு அறைக்கு அழைத்து வந்தவன் கத்தரி. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு முன் தலை மழித்து விடுவது அவன் வேலை. மழிப்பது பத்து நிமிஷம், பேசுவது அரைமணி. எந்தப் படுக்கைக்காரருக்கு என்ன கோளாறு, எந்த டாக்டர் எந்த டாக்டரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் முடியோடு முடியாக அவன் விரிப்பில் விழுந்துவிடும். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. வாய் பிளந்து கேட்டவர்கள் நாம்தானே.

"அக்கா, நம்ம தெரு அண்ணி இவங்க. தையல்கடை வெச்சிருக்காங்க. நம்ம ஸ்டேஷன் அறிவிப்பாளர் அண்ணனோட சம்சாரம்," என்றான் கத்தரி. "விஷயம் பெருசு. எனக்கு ஏற்கெனவே துப்பு கிடைச்சாச்சு. நீங்க சும்மா சரிபார்த்தா போதும்."

ரெக்கார்டக்கா தம்ளரைத் தள்ளி வைத்தாள். ஆஸ்பத்திரிக் கோப்புகள் அத்தனைக்கும் அவள்தான் பொறுப்பு. எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள். "முதல் பக்கத்தை எல்லாரும் குளிப்பாட்டிப் பொட்டு வெச்சு அனுப்புவாங்க. கைப்பிசகு எல்லாம் கடைசிப் பக்கத்துலதான் ஒளிஞ்சிருக்கும்" என்பாள். காணாமல்போன பல்செட்டையும், நல்ல காலில் போடப்பட்ட மாவுக்கட்டையும் அவள் இப்படித்தான் கண்டுபிடித்தாள். அந்தப் பெருமையில் பாதியைக் கத்தரி தன் கணக்கில் எழுதிக்கொண்டு திரிந்தான்.

"உட்காருங்க. மெதுவா சொல்லுங்க," என்றாள் அக்கா.

மெதுவாகச் சொல்லும் வழக்கம் தையல்காரிக்குக் கிடையாது. தைக்கும்போதும் பேசுவாள், ஊசியைப் பல்லில் கடித்தபடியும் பேசுவாள். வீட்டில் அவள் பேசுவாள், அவர் கேட்பார். அவர் பேச்செல்லாம் ஸ்டேஷன் ஒலிபெருக்கிக்கே சரியாய்ப் போய்விடும். அந்தக் குரலுக்கு ஊரே கடிகாரத்தைச் சரி செய்யும். மூன்று மாதம் முன்பு ஒருநாள் அந்தக் குரல், "மூன்றாவது குடையில் வண்டி வந்துகொண்டிருக்கிறது" என்று அறிவித்தது. பிளாட்பாரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் வண்டிக்கு ஏணி என்றார். அதற்கடுத்த நாள் யாரும் சிரிக்கவில்லை.

இடப்பக்க மூளையில் கட்டி.

"பேச்சு எங்கே இருக்குன்னு படம் எடுத்துப் பார்த்துட்டுத்தான் வெட்டுவேன்னாரு டாக்டர்," என்றாள் தையல்காரி. "திங்கக்கிழமை எடுத்த படத்துல, பேச்சு இடப்பக்கம், கட்டியோட ஒட்டி உரசிக்கிட்டு இருக்கு. அப்படின்னா பாதிக் கட்டியைத்தான் எடுக்க முடியுமாம். மிச்சம் வளருமாம். ஓரம் தெளிவா இல்லைன்னு நேத்து புதன்கிழமை மறுபடி எடுத்தாங்க. அதுல பேச்சு வலப்பக்கம் இருக்கு! அப்படின்னா முழுசா வழிச்சு எடுத்துடலாமாம். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆபரேஷன். எது நிஜம்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நேத்து எடுத்ததுதான் நிஜம்னு நிரூபிச்சுக் குடுங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நிரூபித்துக் கொடு என்று கேட்டாளே தவிர, கண்டுபிடி என்று கேட்கவில்லை. அக்கா அதைக் கவனித்தாள். கத்தரி கவனிக்கவில்லை.

"ஆளை முழிக்க வெச்சுப் பேசவிட்டுக்கிட்டே ஆபரேஷன் பண்ணுவாங்களே?"

"இவருக்கு வலிப்பு வருது. பாதியில வந்தா உயிருக்கே ஆபத்தாம். படத்தை நம்பித்தான் கத்தியை வைக்கணும்னாரு."

"நான் சொல்றேன்," என்று கத்தரி முன்னால் வந்தான். "டெக்னீஷியன் வேற யாரோட படத்தையோ மாத்திட்டான். அவனுக்குப் புதுக் கல்யாணம். புத்தி இங்க இல்ல."

அக்கா இரண்டு படங்களையும் வெளிச்சப் பலகையில் மாட்டினாள். "பின்மண்டை எலும்புல ஒரு பள்ளம் தெரியுதா? ரெண்டுலயும் இருக்கு."

"சின்ன வயசுல மரத்துலேர்ந்து விழுந்தது," என்றாள் மனைவி.

"கட்டியும் ரெண்டுலயும் ஒரே இடம். ஆள் மாறலை, படம் திரும்பலை. பேச்சைக் காட்டற ஆரஞ்சு நிறம் மட்டும்தான் இடம் மாறியிருக்கு." அக்கா உறைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "கத்தரி, நீ அவரை எப்பப் பார்த்தே?"

"செவ்வாய்க்கிழமை. தாடி முள்ளா இருந்துச்சு, வழிச்சு விட்டேன். மனுஷன் இடிஞ்சு போயிருந்தாரு. நாலு ஆறுதல் வார்த்தை சொல்லி நிமிர்த்தி உட்கார வெச்சேன்," என்றான் அவன், நெஞ்சை நிமிர்த்தி.

படமெடுக்கும் அறையில் டெக்னீஷியன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மாவுக்கட்டு விவகாரத்தை அவன் இன்னும் மறக்கவில்லை.

"என் வேலைல தப்பு இல்லக்கா. சுரங்கம் மாதிரி இருக்கற இந்த மெஷினுக்குள்ள படுக்க வெப்பேன். கண்ணுக்கு நேரா படம் வரும். சாவி வந்தா மனசுக்குள்ள 'சாவி'ன்னு சொல்லிட்டு, கைல இருக்கற பொத்தானை அழுத்தணும். பேச்சு வேலை செய்யற இடத்துக்கு ரத்தம் அதிகமா ஓடும். கம்ப்யூட்டர் அங்க ஆரஞ்சு பூசும். அவ்வளவுதான்."

"மனசுக்குள்ள சொன்னாரான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பொத்தானை அழுத்தறாரே! அழுத்தாம விட்டா ஆள் தூங்கிட்டார்னு மணி அடிக்கும். நேத்து அடிக்கவே இல்லை."

"உள்ள போறதுக்கு முன்னாடி என்ன சொல்லி அனுப்புவே?"

"தலையை ஆட்டாதீங்க, வாயை அசைக்காதீங்க, மனசுக்குள்ள பாடாதீங்க. மெஷின் போடற சத்தத்துக்குப் பயந்து நிறைய பேர் உள்ள பாட ஆரம்பிச்சுடுவாங்க. பாட்டு பெரும்பாலும் வலப்பக்கத்து வேலை. படம் கெட்டுப்போகும். அதனால எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்."

அக்கா ஒவ்வொரு உறையின் அடியிலிருந்தும் ஊசி குத்திய ஒரு தாளை உருவினாள். மேலே வரிசையாகக் கோடுகள், கீழே புள்ளிகள். "இதை யார் பார்ப்பீங்க?"

"படம் வந்த நேரம் கோடு, பொத்தான் அழுத்தின நேரம் புள்ளி. அதை யாரும் பார்க்க மாட்டோம்க்கா. கலர் படம் வந்தாச்சுன்னா அது எதுக்கு?"

மேஜைமேல் விரித்து இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கத்தரியிடம், "நாலு மணிக்கு எல்லாரையும் கீழ வரச் சொல்லு. டாக்டரையும்தான்," என்றாள். கண்டுபிடித்தவள் முகத்தில் இருக்கவேண்டிய களை அதில் இல்லை. களவு கொடுத்தவள் முகம் போல இருந்தது.

நாலு மணிக்கு ரெக்கார்டு அறையில் நாற்காலி போதவில்லை. சர்ஜன் கோப்பு ஏணியின் இரண்டாம் படியில் உட்கார்ந்தார். டெக்னீஷியன் கதவோரம் நின்றான். அறிவிப்பாளரைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்த கத்தரி, கூட்டத்தின் நடுவே, நாடகத்தில் திரை தூக்குகிறவனைப் போல நின்றான். தையல்காரி கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தபடியே இருந்தாள்.

"திங்கக்கிழமை தாளைப் பாருங்க," என்றாள் அக்கா. "ஒரு கோடு, அதுக்குப் பின்னாடி ஒரு புள்ளி. படம் வருது, யோசிக்கறார், அழுத்தறார். சில இடத்துல வார்த்தை கிடைக்காம ரொம்ப நேரம் கழிச்சு அழுத்தறார். நேத்து எடுத்ததைப் பாருங்க. இங்க புள்ளி முதல்ல வருது, கோடு அப்புறம் வருது."

"அதாவது?" என்றார் சர்ஜன்.

"படம் வர்றதுக்கு முன்னாடியே பதில் சொல்லியிருக்கார். ஒரு இடத்துல இல்ல, பதினேழு இடத்துல. அறுபது படத்துக்கு நூத்துச் சொச்சம் புள்ளி. அழுத்தாம விட்டாத்தானே மணி அடிக்கும்? அதிகமா அழுத்தினா மெஷினுக்கு அக்கறை இல்லை."

"பொத்தான் ரிப்பேர்!" என்று கத்தரி தொடையைத் தட்டினான்.

"ரிப்பேரான பொத்தானுக்குத் தாளம் தெரியாது, கத்தரி." அக்கா பேனாவைத் திருப்பிப் பிடித்து, புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே மேஜையில் தட்டினாள். டக டக டம். டக டக டம். டம், டம், டம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி அதே.

தையல்காரி சட்டென்று சிரித்துவிட்டாள். "அட, அந்தத் துணிசோப்பு விளம்பரம்! 'அழுக்கே அழுக்கே ஓடிப்போ!' கல்யாணமான புதுசுல ரேடியோல வரும். தினம் ஷேவ் பண்ணும்போது இவர் இதைத்தான் முணுமுணுப்பார். போதும் நிறுத்துங்கன்னு எத்தனை தடவை கத்தியிருக்கேன்! இது எப்படி உங்களுக்கு..."

அவள் பேச்சு நின்றது. அவள் பேச்சு தானாக நின்று அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. தன் கணவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது தான்தான் என்று அவளுக்குப் புரிய இரண்டு மூச்சு ஆயிற்று.

அறிவிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நேத்து இவர் படத்துக்குப் பேர் சொல்லலை," என்றாள் அக்கா. "உள்ள படுத்துக்கிட்டு மனசுக்குள்ள பாடியிருக்கார், அந்தத் தாளத்துக்கே பொத்தானை அழுத்தியிருக்கார். ஆரஞ்சு காட்டறது பாட்டோட இடம். பேச்சோட இடம் திங்கக்கிழமை பார்த்ததுதான். குரலை வெச்சுப் பிழைக்கறவர், குரலுக்குக் கெடுதல் பண்ணிக்குவாரான்னு யாருக்கும் சந்தேகம் வரலை."

சர்ஜன் ஏணிப்படியிலிருந்து இறங்கவில்லை. "நேத்து அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கே சந்தோஷமா இருந்தது," என்றார் மெதுவாக. "அதான் திருப்பித் திருப்பிப் பார்க்கலை போலிருக்கு."

"ஏங்க?" என்றாள் தையல்காரி. "ஏங்க இப்படிப் பண்ணினீங்க?"

அவர் வாய் திறந்தார். ஊரையே நேரத்துக்கு ஓடவைத்த அந்தக் குரல், வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று வந்தது. "பாதி... வெட்டினா... அது மறுபடி... வரும். முழுசா... எடுக்கட்டும். பேச்சு... போனா... போகுது." மனைவியைக் காட்டினார். "நீதான்... பேசுவியே. நான்... கேட்டா... போதும். இருக்கணும்."

டெக்னீஷியன் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சர்ஜன் எழுந்து வந்து அவருக்கெதிரே குந்தி உட்கார்ந்தார். "ஐயா, அந்த இடத்துல பேச்சு மட்டும் இல்லை. கேட்டதைப் புரிஞ்சுக்கறதும் அங்கதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. முழுசா எடுத்திருந்தா, இவங்க பேசறது உங்க காதுல விழும். சத்தமாத்தான் விழும். வார்த்தையா விழாது."

அறிவிப்பாளர் அவரையே பார்த்தார். அதைப் புரிந்துகொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. புரிந்தபோது, அதுவரை சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்த கை மடியில் விழுந்தது.

"அது எனக்கு... யாரும்..." என்றார்.

"யாரும் சொல்லலை," என்று அக்கா முடித்தாள். "பாடினா வலப்பக்கம் எரியும்னு டெக்னீஷியன் எல்லார்கிட்டயும் சொல்வான். ஆனா, வலப்பக்கம் எரிஞ்சா டாக்டர் முழுசா எடுத்துடுவார்னு இவருக்கு வேற யாரோ சொல்லியிருக்காங்க. திங்கக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் நடுவுல. நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பாங்க. பாதியைச் சொல்லியிருக்காங்க." அவள் தாள்களை உறைக்குள் வைத்து மூடினாள். "யார்னு நான் தேடலை."

சொன்னவள் உறையைப் பார்த்தே சொன்னாள். கத்தரிக்குக் காது மடல் கொதித்தது. செவ்வாய்க்கிழமை, நுரை பூசிய அந்தக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "மனசை விடாதீங்கண்ணே! பேச்சு மட்டும் வலப்பக்கம் இருந்துட்டா டாக்டர் சுத்தமா வழிச்சுடுவாரு, நான் எத்தனை தலை பார்த்திருக்கேன்!" என்று தான் சொன்னது அவனுக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் வந்தது. அவன் பார்த்திருந்த தலைகள் எல்லாம் வெளிப்பக்கம்தான். அறிவிப்பாளர் தன்னைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வார்த்தை கிடைக்காமலா, சொல்ல மனமில்லாமலா என்பது கத்தரிக்கு இன்றுவரை தெரியாது.

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இல்லையா டாக்டர்?" என்று தையல்காரி கேட்டாள்.

"முடிஞ்சவரைக்கும் எடுக்கறேன். மிச்சத்துக்கு மருந்து இருக்கு."

"எவ்வளவு நாள்?"

"பார்க்கலாம்மா," என்றார் அவர். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தமென்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கோப்புகள் நிறைந்த அந்த அறையில் அலமாரி அலமாரியாக அதுதான் இருந்தது.

எல்லோரும் போனபின் தையல்காரி வாசலில் நின்று திரும்பினாள். "உங்ககிட்ட வராமலே இருந்திருக்கலாம்," என்றாள். கோபமாக இல்லை. உடனே, "இல்ல, வந்தது நல்லதுதான்," என்றாள். பிறகு அதுவும் சரியாகத் தோன்றாமல் போய்விட்டாள். ரெக்கார்டக்கா ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு, சர்ஜன் கைப்பட எழுதிய சீட்டோடு கத்தரி வார்டுக்குப் போனான். இடக்காதுக்கு மேலே நாலு விரல் அகலம், அவ்வளவுதான் மழிக்கவேண்டும். அவன் விரிப்பைக் கட்டினான், மழிக்கும் மெஷினை ஓடவிட்டான், ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர், "என்னப்பா, உனக்கும் வாய்ல ஆபரேஷனா?" என்று கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை.

அறிவிப்பாளர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "பேசு," என்றார்.

கத்தரி வாயைத் திறந்தான். வானிலை, நர்ஸ் சண்டை, கேன்டீன் டீ என்று நாக்கில் எப்போதும் வரிசையில் நிற்கும் சங்கதி ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டான்.

வெளியே வராந்தாவில் தையல்காரியின் குரல் கேட்டது. ஒரு நர்ஸைப் பிடித்துவைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த ரவிக்கைத் துணி எப்படி முக்கால் மீட்டரில் நின்றுபோனது, அதில் தான் எப்படிக் கைவைத்துத் தைத்தாள் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ் எப்போதோ போய்விட்டாள். வார்டுக் கதவைத் தையல்காரி அகலத் திறந்தே வைத்திருந்தாள்.

அறிவிப்பாளர் விரிப்புக்கடியிலிருந்து கையை எடுத்து உயர்த்தினார். மெஷினை நிறுத்தச் சொன்னார்.

கத்தரி நிறுத்தினான். மழித்தது பாதியில் நிற்க, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கு இன்னும் நேரமிருந்தது.