வராத மூன்றாவது குரல்

'பதில் சொல்லாதே. இன்னும் ஒரு தரம் கூப்பிடட்டும். மனுஷக் குரல் என்றால் கட்டாயம் கூப்பிடும்.'

ஓவியா மூச்சைப் பிடித்துக்கொண்டு கணினியையே பார்த்தாள்.

"ஓவியா..." என்றது ஸ்பீக்கர். சற்றுப் பொறுத்து மறுபடியும், "ஓவியா..."

அவ்வளவுதான். பிறகு சத்தமே இல்லை.

பள்ளி விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் மேகமலையிலிருந்து இறங்கிய மேகம் அனுமந்தன்பட்டியை இருட்டாக்கிவிட்டது. சாரல் காற்று கணினி அறையின் ஜன்னலை விரல் வைத்துத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூன்றாவது தரத்துக்குத்தான் 'ம்' சொல்ல வேண்டும். இது அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். பேய்க்கு இரண்டு தரம்தான் கூப்பிட வருமாம்.

'நான் மூன்று என்றுதானே எழுதினேன்!'

ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாளை வரவேற்பு விழா. ஒவ்வொருவர் பெயரையும் கணினி மூன்று முறை சொல்லி மேடைக்கு அழைக்க வேண்டும். அந்த நிரலை எழுதும் வேலையை டீச்சர் ஓவியாவிடம் கொடுத்திருந்தார். போன வருஷம் கட்டைகளை இழுத்து அடுக்கும் ஸ்கிராட்ச் மொழியில் அவள்தான் கெட்டிக்காரி. இந்த வருஷம் பைத்தான். பெயரே மலைப்பாம்பு!

தன் பெயரை எடுத்துவிட்டு, புதுப் பிள்ளைகளின் பட்டியலிலிருந்து 'ராமுத்தாய்' என்று போட்டுப் பார்த்தாள்.

"ராமுத்தாய்... ராமுத்தாய்..."

மறுபடியும் அமைதி. குரலைவிட அந்த அமைதிதான் பயமாக இருந்தது. யாரோ வாயை மூடிக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்பதுபோல் இருந்தது.

அறையின் கடைசியில் அஜய்குமார் கணினிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தான். போன வாரம் அவன் ஏதோ கேட்டபோது, "இதுகூடத் தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தவள் ஓவியா.

இப்போது அவனிடம் போய்க் கேட்பதா? பேயிடம் 'ம்' சொல்வதே இதைவிடச் சுலபம் என்று தோன்றியது.

காற்று மறுபடியும் ஜன்னலைத் தட்டியது.

"அஜய்... கொஞ்சம் இங்கன வாயேன்."

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"எனக்கு இது தெரியல. சொல்லிக் குடுக்கிறியா?"

கேலி செய்கிறாளோ என்று அஜய் அவள் முகத்தைப் பார்த்தான். இல்லை என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எத்தனை தரம்னு சொல்ற ரேஞ்ச்ல ஒண்ணு, மூணுன்னு போட்டிருக்கியா? அதான். பைத்தான் ஒண்ணுல கிளம்பும், மூணு வரைக்கும் வரும். ஆனா மூணைத் தொடாது. வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம நின்னுரும்."

ஓவியா கதவைத் திரும்பிப் பார்த்தாள். "ஸ்கிராட்ச்ல மூணுன்னா மூணுதான!"

"அது வேற ஆளு, இது வேற ஆளு. நாலுன்னு போடு."

போட்டாள்.

"ராமுத்தாய்... ராமுத்தாய்..."

இருவரும் அசையவில்லை.

"ராமுத்தாய்..."

"அப்பாடா!" என்று ஓவியா நாற்காலியில் சாய்ந்தாள். "நல்லவேள நீ இருந்த. அன்னைக்குச் சிரிச்சதுக்கு ஸாரிடா."

"அதை விடு." அஜய்யின் கண்கள் மின்னின. "நாளைக்கு விழாவுக்கு ஹால்ல ஜன்னல் ஸ்கிரீனை மூடி இருட்டாக்கப் போறாக. பழையபடி ரெண்டு தரமாவே வச்சிரு. சின்னப் பிள்ளைக எல்லாம் அலறிரும்! நான் சொல்லிக் குடுத்தேன்ல, இது ஒண்ணு மட்டும் செய்யி."

அவன் கேட்டது நியாயம் போலத்தான் இருந்தது. ஆனால் அந்த அமைதி இன்னும் அவள் காதுக்குள் இருந்தது. இருட்டில் ஒரு சின்னப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள்.

நான்கு என்று இருந்ததை அப்படியே சேமித்தாள்.

"மாட்டேன், அஜய்," என்றாள் மெல்ல. "அதுக மூணாவது தரத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கும்."