எருமப்பட்டி லூசு

காலை ஏழு மணி. சௌந்திரம் பீரோவைத் திறந்தார். மகள் மைதிலியின் நிச்சயத்துக்கென்று முந்தின நாள்தான் பேங்க் லாக்கரிலிருந்து எடுத்து வந்த ஆரம் அங்கே இல்லை.

ஒன்பது மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் ஜாக்குலின் எருமப்பட்டிக்கு வெளியே சௌந்திரத்தின் வீடு இருந்த கோழிப்பண்ணைக்கு வந்தபோது, திருடனைப் பிடித்து ஜீப்பில் உட்கார வைத்தே விட்டார்கள். பிடித்தவர் ஏட்டு பாலசுந்தரம். சுறுசுறுப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, மூளைக்குத்தான்!

"யார் இது?"

"காத்தான், மேடம். முட்டை லோடு ஏத்தறவன். எதிர்க் குடிசையிலயே வெச்சு அமுக்கிட்டேன்."

"இவர்தான் திருடினார்னு எப்படித் தெரியும்?"

"ஆளு லூசுங்க மேடம்."

"அதுக்கு?"

"அதான் சொல்றேனே, லூசு."

காத்தானுக்கு நாற்பது வயதிருக்கும். ஜீப்பிலிருந்து வெறுங்கால்கள் தொங்கின. வெடித்த குதிகாலெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. "என்னைய உள்ள போட்டுட்டா எம் புள்ளைக்கு ஆருங்க சோறாக்குவா? அவளுக்கு அம்மா இல்லீங்க," என்றார்.

ஜாக்குலின் கேட்டைத் தாண்டினார். தாண்டியதும் ஒரு தொட்டி. அதில் ஊதாத் தண்ணீர்.

"ஷூவைக் கழட்டிட்டு காலை நனைச்சுட்டு வாங்க மேடம்," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் சௌந்திரம். "கோழிக்குச் சீக்கு வந்துருமுங்க. கலெக்டரே வந்தாலும் இங்க அப்படித்தான். ஆளுங்களுக்கெல்லாம் பழகிப் போச்சு, தூக்கத்துல கூட நனைச்சுட்டுத்தான் வருவாங்க."

ஜாக்குலின் பல்லைக் கடித்துக்கொண்டு நனைத்தார்.

சௌந்திரத்தின் கணவர் போர்வெல் ரிக் வண்டியோடு ஒடிசாவில், மகள் காலேஜ் ஹாஸ்டலில். கோயில் நோம்பிக்காக ஆட்களுக்கு லீவு. முந்தின நாள் வேலைக்கு வந்தது காத்தானும் சூப்பர்வைசர் நவநீதகிருஷ்ணனும் மட்டும்தான். சுற்றிலும் மின்வேலி, வழி இந்த ஒரே கேட்.

"கதவு உடைஞ்சிருக்கா?"

"இல்லீங்க. பீரோச் சாவி அதுலயே இருந்துச்சு, கேட்டும் ராத்திரி சும்மாதான் சாத்தியிருக்கும். வாசக்கதவுக் கொக்கி லூசு. தள்ளுனா தொறந்துக்கும். நேத்து அந்த லூசுதான் அதைப் பாத்துட்டு, முடுக்கித் தரட்டுங்களான்னு கேட்டான்."

"அப்ப வேற யார் இருந்தாங்க?"

"நவநீதன் இருந்தாரு. அவரு தங்கமான மனுஷனுங்க."

பீரோவின் காலடியில், சிமெண்ட் தரையில் பழுப்பாக ஒரு தீற்றல். "இது என்ன?"

"பீரோ துரு ஒழுகியிருக்குமுங்க. நேத்துச் சாயங்காலம் தரையைத் துடைச்சேன். காத்தால ஏழு மணிக்குப் பார்த்தா இது இருக்குது."

"காலையிலிருந்து உள்ளே யார் யார் வந்தாங்க?"

"ஆருமில்லீங்க. ஆரம் காணோம்னதுமே கேட்டைப் பூட்டிட்டேன். நீங்கதான் மொத ஆளு. நேத்து இருட்டுனதுக்கப்புறமும் ஆரும் வரலீங்க. நாந்தான் தனியாக் கெடந்து, தொட்டியில எப்பவும் இருக்கற சுண்ணாம்புத் தண்ணியத் தொறந்து உட்டுட்டு, இந்த ஊதா மருந்தைக் கலக்கினேன். பக்கத்துப் பண்ணையில கோழி செத்துதுன்னு டாக்டரு போன் பண்ணுனாருங்க."

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் போன் செய்தார். "என்னம்மா, ஆளைப் பிடிச்சாச்சுல்ல? லூஸ்ல விட்டுடாதீங்க. மதியத்துக்குள்ள கோர்ட்டுக்கு அனுப்புங்க."

"சார், ஆரம் இன்னும் கிடைக்கலை."

"லூசுப்பய எங்கேயாவது போட்டிருப்பான்."

போனை வைத்த ஜாக்குலினுக்கு அழுகை வரும்போல இருந்தது, அவ்வளவு ஆத்திரம். அவர் சேலத்துக்காரி. அங்கேயும் இந்த வார்த்தை உண்டுதான். அதற்காக இப்படியா? கொக்கி லூசு, கேஸ் லூஸ், ஆள் லூசு! ஏட்டைக் கேட்டால், நல்லெண்ணெய் லூஸ்ல வாங்கினால் மலிவு என்கிறார். இந்த ஒரு வார்த்தை போதும், இவர்களுக்கு வேறு சாட்சி வேண்டாம். ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்ப இதுவா ஆதாரம்?

நவநீதகிருஷ்ணன் சாலைக்கு அந்தப் பக்கம் அறையில் கம்பளி போர்த்திப் படுத்திருந்தார். உச்சி வெயில். காலில் சாக்ஸ் வேறு.

"என்ன உடம்புக்கு?"

"லூஸ் மோஷன் மேடம்."

"அடக் கடவுளே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார் ஜாக்குலின். "எப்போதிலிருந்து?"

"நேத்து அஞ்சு மணிக்குப் பண்ணையிலிருந்து வந்தேனுங்க. அதிலிருந்து ரூமை உட்டு எங்கயும் போகலீங்க. குளிருதுங்க."

"பண்ணைக்குள்ளே திரும்பிப் போகலை?"

"சத்தியமாப் போகலீங்க."

பன்னிரண்டு மணி. பண்ணை பம்ப்செட்டில் ஜாக்குலின் காலைக் கழுவினார். விரலிடுக்கும் நகமும் பழுப்பாகக் கிடந்தன. சோப்புப் போட்டார். போகவில்லை. கல்லால் தேய்த்தார். ம்ஹூம். "என்ன கருமம் இது?"

"ஒரு வாரத்துக்குப் போகாதுங்க மேடம்," என்றார் சௌந்திரம். "தண்ணி பாக்க ஊதா, மேல பட்டா பழுப்புக் கறை."

ஜாக்குலின் அப்படியே நின்றார். காலைப் பார்த்தார். வீட்டுக்குள் ஓடினார். பீரோவின் காலடியிலும் அதே நிறம்.

"ஏட்டய்யா! காத்தானைக் கூட்டிக்கிட்டு நவநீதகிருஷ்ணன் ரூமுக்கு வாங்க. நீங்களும் வாங்கம்மா."

எல்லோரும் அறைக்குள் வந்ததும் ஜாக்குலின் சௌந்திரத்திடம் கேட்டார். "தொட்டிக்கு மருந்து ஊத்தினீங்களே, உங்க காலில் கறை இல்லையே?"

"செருப்போட எட்டி நின்னு ஊத்தினேனுங்க."

"சரி. தரையில் இருப்பது துரு இல்லை, மருந்துக் கறை. ராத்திரி வந்த திருடன் கேட்டில் செருப்பைக் கழட்டிவிட்டு, தொட்டியில் நனைத்த ஈரக்காலோடு உள்ளே வந்திருக்கிறான். வெளியூர்த் திருடன் தொட்டியைத் தாண்டிக் குதிப்பான். திருட வந்த இடத்திலும் நின்று, காலை நனைத்துவிட்டு வருபவன் தினமும் நனைத்துப் பழகினவன்தான். தண்ணீர் மாறியது இருட்டில் அவனுக்குத் தெரியவில்லை." காத்தானின் காலைக் காட்டினார். "இவர் காலில் இன்னும் நேற்றைய சுண்ணாம்புதான் இருக்கிறது. நவநீதகிருஷ்ணன், சாக்ஸைக் கழட்டுங்க."

"குளிருதுங்க மேடம்..."

"கழட்டுய்யா!"

கழற்றினார். பத்து விரலும் பழுப்பு. கல்லால் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது, கறை மட்டும் போகவில்லை. ஆரம் தலையணை உறைக்குள் இருந்தது.

"ஏன்யா?"

"ஆசைதானுங்க," என்றார் நவநீதகிருஷ்ணன், தலையைத் தூக்காமல். "பழி லூசு மேலதான் விழும், எல்லாரும் நம்பிருவாங்கன்னு நெனச்சேன்."

அது மட்டும் அவர் கணக்கில் தப்பவே இல்லை. பாலசுந்தரம் சுவரைப் பார்த்தார்.

சௌந்திரம் ஆரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சிரித்தபடி, "டேய் லூசு, வா, ஊட்டுல சோறு போடறேன். புள்ளையையும் கூட்டிட்டு வா," என்றார்.

காத்தான் நகரவில்லை.

"எம் பேரு காத்தானுங்க," என்றார்.

சௌந்திரத்தின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. காத்தான் ஜாக்குலினைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சாலையைத் தாண்டி மகளிடம் போனார்.