போறதுக்கு ரெண்டு, வர்றதுக்கு மூணு

பயண அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தையல்காரி உள்ளே நுழைந்தபோது, மின்விசிறி அனலைத்தான் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கையில் மகளைப் பிடித்திருந்தாள். வெளியே செருப்பு ஒட்டுகிற வெயில். உள்ளே சுவர் முழுக்கப் பனிமலைப் படம். கீழே நீல ஏரி, அதற்கு மேல் ஊசியிலை மரங்கள், அதற்கும் மேல் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை உச்சி. நடுவில் கம்பியில் தொங்கிக்கொண்டு ஒரு சிவப்பு ரோப் கார்.

"எத்தனை பேரும்மா?" என்றார் முகவர்.

"போறதுக்கு ரெண்டு பேரு. வர்றதுக்கு மூணு."

முகவரின் பேனா அப்படியே நின்றது. அவருக்குத் தெரியாதா என்ன? அவருடைய சுற்றுலாப் பேருந்தைத்தான் இவள் புருஷன் ஓட்டிக்கொண்டிருந்தான். போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம், பயணிகளோடு இந்தப் பனிமலையிலிருந்து கீழே வந்த பிறகு ஒரு பெரியவர் கைத்தடியை மேலே விட்டுவிட்டேன் என்று சொல்ல, "ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று மறுபடி ஏறினான். பனி சரிந்தது. தேடினார்கள், கிடைக்கவில்லை. பனி உருகினால் கிடைப்பார் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். போன கோடையில் உருகவில்லை. இந்தக் கோடையில் உருகுகிறதாம், செய்தியில் காட்டினார்கள்.

"இல்லம்மா... கிடைச்சாலும், அது... அதுக்கெல்லாம் வேற வண்டி..." முகவர் மென்று விழுங்கினார்.

"எப்படிக் கிடைச்சாலும் என் பக்கத்து சீட்டுலதான் வருவாரு. எழுதுங்க."

மகள் இதற்குள் கண்ணாடிக் கதவில் வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். "அங்க வாயத் தொறந்தாலே புகை வருமாம் மாமா! முன்பல்லு மொளச்சதும் கூட்டிட்டுப் போறேன்னு அப்பா சொன்னாரு. மொளச்சிடுச்சு, பாருங்க." ஈ என்று காட்டினாள். முகவர் சிரிக்க முயன்று தோற்றுப் போனார்.

வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல் கடை. அன்று மத்தியானமே தடித்த சாம்பல் நிறக் கம்பளித் துணி வாங்கி வந்து மூன்று கோட்டு வெட்டினாள். தனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. அவனுடைய கோட்டுக்கு மட்டும் பெரிய கறுப்புப் பித்தான்கள். அளவு பார்க்க எந்தத் துண்டுச் சீட்டும் வேண்டியிருக்கவில்லை, அவன் தோள் அவள் கைக்கே தெரியும். இரண்டு வருஷமாக அங்கே குளிரில் கிடக்கிறானே என்று நினைக்க நினைக்க அவள் மெஷினை வேகமாக மிதித்தாள்.

அந்த வேகத்தில்தான் தப்பு நடந்தது. கம்பளியைத் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, அது சுருங்குகிற மட்டும் சுருங்கிய பிறகுதான் வெட்ட வேண்டும். தையல் பழக வருகிற பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆசைப்பட்டவளுக்கு அதுவும் மிஞ்சவில்லை. நனைக்காமலே வெட்டிவிட்டாள்.

மறுநாள் காலை கடையைத் திறந்தால், கொக்கியில் மாட்டியிருந்த அவனுடைய கோட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

பக்கத்தில் தொங்கிய மற்ற இரண்டும் காய்ந்து கிடந்தன.

"நான் இல்லம்மா! சத்தியமா நான் ஊத்தல!" என்றாள் மகள்.

தையல்காரி தன் அண்ணனைக் கூப்பிட்டாள். குழாய் வேலைக்காரர் அவர். ஏணி போட்டு ஏறி, கூரையை விரலால் தடவி, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். "பொட்டு ஈரம் இல்ல. எங்கேருந்து ஒழுகுது?" கோட்டைப் பிழிந்தவர் சட்டென்று கையை உதறினார். "அப்பா! ஐஸ் தண்ணி மாதிரில்ல இருக்கு!"

அதற்குள் இருவர் மூக்குக்கும் அந்த வாடை வந்துவிட்டது. டீசலும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாடை. வேலை முடிந்து அவன் வீட்டுக்குள் நுழையும்போது வருமே, அதே வாடை.

"வேணாம்மா," என்றார் அண்ணன் தாழ்ந்த குரலில். "பயணத்த விட்டுடு. கிணறு வெட்டப் போயி பூதம் கெளம்பின கதையா ஆயிடப் போவுது."

"பூதமா? அவரு என் புருஷன்ணே." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பயத்தால் அல்ல. அத்தனை நாள் கழித்து அந்த வாடையை முகர்ந்த சந்தோஷத்தில், அந்தப் பைத்தியக்காரிக்கு!

கோட்டு காய்ந்ததும் அளந்து பார்த்தாள். கை நாலு விரல் குறைந்திருந்தது. நனைக்காத கம்பளி சுருங்கும், என் தப்புதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த காலையும் ஈரம்.

அதற்கடுத்த காலையும்.

தோள் குறைந்தது. நீளம் குறைந்தது. கம்பளி சுருங்குவதெல்லாம் முதல் நனைப்பில்தான். அதுவும் கோணல்மாணலாகத்தான் சுருங்கும். இது அப்படி இல்லை. காலர், பை, இடுப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருத்தமாக, கை தேர்ந்த தையல்காரர் யாரோ உட்கார்ந்து பிரித்துத் தைத்ததுபோல் குறைந்திருந்தது.

யாருக்கோ அளவெடுத்துக் குறைத்ததுபோல்.

மகளின் கோட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

தோளுக்குத் தோள் சரி.

கைக்குக் கை சரி.

அவனுடைய கோட்டைச் சுருட்டி இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள். பயணமும் வேண்டாம், மலையும் வேண்டாம், இன்றைக்கே போய் நிறுத்திவிட வேண்டியதுதான். எதிர்வீட்டுக்காரி கேட்டிருந்த ரவிக்கையைக் கொடுத்துவிட்டு அப்படியே போகலாம் என்று தெருவைக் கடந்தாள். கொடுத்தாள், திரும்பினாள். அவ்வளவுதான்.

உச்சி வெயில். முன்னறை வாசலில் கால் வைத்ததும் பாதம் சில்லிட்டது.

துணி வெட்டுகிற மேசைமேல் மகள் உட்கார்ந்திருந்தாள். சாம்பல் நிறக் கோட்டு. கழுத்துவரை பூட்டிய பெரிய கறுப்புப் பித்தான்கள். உதடு நீலம்.

"அம்மா! புகை வருது பாரேன்!"

குழந்தை ஊதினாள். வெள்ளையாய்ப் புகை வந்தது.

"யாரு... யாருடி போட்டு விட்டது?"

"அப்பாதான். அங்க அவருக்குத் தனியா இருக்க பயமா இருக்காம்மா. நீ எவ்ளோ கூப்பிட்டாலும் அவரால கீழ வர முடியாதாம். அதனாலதான் என்னைய இப்பவே வரச் சொல்றாரு." கொட்டாவி விட்டாள். "தூக்கமா வருதும்மா."

"தூங்காதடி! என் கண்ணுல்ல, தூங்காத!"

பித்தானைப் பிடித்தாள், விரல் ஒட்டிக்கொண்டது. கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தில் வைத்து அழுத்தினாள். கல்லை வெட்டுவதுபோல் கிரீச்சென்றது, ஒரு நூல்கூட அறுபடவில்லை. குழந்தையின் கன்னத்தை அறைந்தாள். கண் பாதிதான் திறந்தது.

தையல் மெஷின் பக்கம் திரும்பினாள்.

அங்கே முக்காலியில் வட்டமாய் ஈரம். சாயங்காலங்களில் அவன் அங்கேதான் உட்கார்ந்து அவளைச் சீண்டிக்கொண்டிருப்பான்.

"ஏங்க!" என்று கத்தினாள். "உங்களுக்கு வெக்கமா இல்ல? பெத்த புள்ளையங்க! முன்பல்லு இப்பத்தான் மொளச்சிருக்கு! அவளையா துணைக்குக் கேக்குறீங்க? ஊராரு கைத்தடிக்கெல்லாம் ஓடினீங்களே, உங்க புள்ளைக்கு ஒரு நியாயம் வேண்டாமா?"

முக்காலியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மகளின் மூச்சிலிருந்து வந்த புகை மெலிந்துகொண்டே போனது.

அவள் மண்டியிட்டாள். திட்டு எல்லாம் தீர்ந்து வெறும் அழுகைதான் மிச்சம்.

"பயமா இருக்குன்னா என்கிட்டல்ல சொல்லணும்? இத்தன வருஷம் உங்க பயத்தெல்லாம் யாருகிட்ட சொன்னீங்க? அவள விட்டுடுங்க. நான் வர்றேன். ஏங்க... நான் வர்றேங்க."

மெஷினின் மிதிபலகை ஒரு முறை மெல்ல ஆடி நின்றது.

மேல் பித்தான் தானாகக் கழன்றது. அடுத்தது. அதற்கடுத்தது. கோட்டு வழுகித் தரையில் தொப்பென்று விழுந்தது. குழந்தை மலங்க மலங்க விழித்து, "தண்ணி குடும்மா, ஒரே புழுக்கமா இருக்கு," என்று சிணுங்கினாள். நெற்றியில் வேர்வை. அந்த வேர்வையை முந்தானையால் துடைத்துத் துடைத்து, தையல்காரி விக்கி விக்கி அழுதாள்.

சாயங்காலம் வந்த அண்ணன் அந்தக் கோட்டைக் கோணியில் கட்டி, ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் வைத்து, கண்ணெதிரே எரித்துச் சாம்பலாக்கிவிட்டு வந்தார். "தொல்ல விட்டுது போ," என்றார்.

காலையில் அது கொக்கியில் தொங்கியது, ஈரம் சொட்டச் சொட்ட.

சுருங்கின கம்பளி நீளாது. எந்தத் தையல்காரியைக் கேட்டாலும் சொல்வாள். இது நீண்டிருந்தது. அவள் அளந்து பார்க்கவில்லை. தன் தோள் அளவு தனக்குத் தெரியாதா?

அண்ணனிடம் மகளுடைய துணிமணிகளைக் கொடுத்து, "கொஞ்ச நாள் உன் வீட்டுல இருக்கட்டும்ணே. தலைக்குக் குளிச்சா நல்லாத் துவட்டி விடு, சளி பிடிச்சுக்கும்," என்றாள். அவர் என்னென்னவோ கேட்டார், திட்டினார், கடைசியில் கையைக்கூடப் பிடித்துப் பார்த்தார். பிடித்தவர் சட்டென்று விட்டுவிட்டார்.

மகளை அண்ணன் வீட்டில் விடப் போகிற வழியில் அவளோடு பயண அலுவலகத்துக்குள் நுழைந்தாள். மின்விசிறி அதே அனலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. முகவர் கழுத்தில் போட்டிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தபடி நிமிர்ந்தார்.

"மாத்தி எழுதணுங்க. போறதுக்கு ஒண்ணு."

"சரிம்மா. வர்றதுக்கு?"

அவள் வாய் திறந்தாள். வார்த்தை வரவில்லை.

முகவரின் கையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. மகள் மட்டும் துள்ளிக் குதித்துக் கைதட்டினாள். பிறகு தானும் வாயைக் குவித்து ஊதினாள், மறுபடி ஊதினாள், ஒன்றும் வராமல் முகம் சுண்டிப் போய் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"போம்மா... உனக்கு மட்டும் புகை வருது. எனக்கு வரவே மாட்டேங்குது."